எம் இல்லத்துக் கபிலபரணர்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரல்வேண்டும் என்று மலர்க்குழு மாணவர் எம்மை நாடி வந்தபொழுது, சங்கப் புலவர் பற்றிய கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்தனர். "கபிலரையும் பரணரையும் பற்றி எழுதுவோம்" என்றோம். அவர்களும் மகிழ்ந்து சென்றனர். யாம் சொன்னது முழுப் பொய்யன்று. ஆயினும், இக்கட்டுரையில் வரும் கபிலரும் பரணரும் பாடினோர் அல்லர், குரைப்போர். எம் வீட்டில் வளரும் உடன்பிறந்த நாய்க்குட்டிகள் இரண்டிற்கு யாம் இட்ட பெயர்கள் அவை.

தொடங்குமுன் இலக்கணம் பற்றி இரண்டு சொல் சொல்லி விடுகின்றோம். தமிழாசிரியர்க்கு அஃது இயல்பன்றோ? ஈண்டு "யாம்" என்றது எம்மையும் எம் மனைவியாரையும் சேர்த்தேயாம். எழுதுவது ஒரு கையே எனினும் பட்டது இருவருமே. இனி, நாயை "அவன்" என்று எழுதுவது திணைவழுவன்றோ எனின், உவப்பினால் வரும் அவ்வழுவை நன்னூலார் அமைத்துக் கொள்கின்றார். தன் பசுவை "என் அம்மை வந்தாள்" என்று ஒருவன் சொல்லலாமாயின், எம் கபிலனை "வந்தான்" என்று யாம் சொல்லுதல் குற்றமாகாது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் அதன் சுற்றுப்புறங்களையும் வெள்ளத்தில் ஆழ்த்தியதை நேயர்கள் மறந்திரார். தாழ்ந்த பகுதிகளில் மாந்தர் மாடிகளில் ஏறி நின்று படகை எதிர்நோக்கினர். தெருவிலே பிறந்து தெருவிலே வளரும் உயிர்களுக்கு மாடியும் இல்லை, படகும் இல்லை. சென்னையில் இத்தகைய உயிர்களைக் காக்கும் தொண்டு வெள்ளத்திலேயே பிறந்தது என்பது நினைக்கத்தக்கது. 1959-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், விமானம் ஓட்டுபவராகிய கேப்டன் சுந்தரம் என்பார், வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்டு இரங்கித் தம் இல்லத்திற்கு எடுத்துச் சென்றார். அவ்விரக்கத்தினின்று முளைத்ததே 'புளூ கிராஸ்' என்னும் சங்கம். அதன் பின்னர் நகரைச் சுற்றிலும் சிறியனவும் பெரியனவுமாகப் பல காப்பகங்கள் தோன்றின. அவற்றுள் சிறியதொன்றிற்கு, 2024-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில், ஒரு நாய்க்குட்டி வேண்டி யாம் சென்றோம். ஒன்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

எம் மகன் வெளியூரில் வேலை ஏற்றுச் சென்ற பின் எம் வீடு மிகவும் அடங்கிப் போயிருந்தது. வீட்டில் ஓர் ஓசை வேண்டும் என்பதற்கு மேல் எமக்குப் பெரிய நோக்கம் யாதும் இல்லை. காப்பகத்தின் கடைசிக் கூண்டில் செவலை நிறத்துக் குட்டிகள் இரண்டு இருந்தன. வெள்ளத்தில் மிதந்த மரப்பலகை ஒன்றின்மேல் எடுக்கப்பட்டனவாம், தாய் அகப்படவில்லை. அப்பொழுது வயது பத்து வாரம் இருக்கலாம். நெற்றியில் வெள்ளைப் பொட்டுடைய குட்டி கம்பியருகே வந்து எம் விரலை நக்கிற்று. மற்றது அதன் பின்னே நின்று, அதன் முதுகுக்கு மேலாக எம்மைப் பார்த்தது.

காப்பகத்தை நடத்தும் அம்மையார் எம் முகத்தைக் கண்டே உள்ளத்தை அறிந்து கொண்டார். "ஐயா, ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். மற்றொன்றிற்கு வேறொரு வீடு பார்த்திருக்கின்றோம். உடன்பிறந்த குட்டிகள் இரண்டையும் ஒரே வீட்டிற்குத் தர யாங்கள் விரும்புவதில்லை. அவை ஒன்றையொன்று நோக்கியே வளரும், உங்களை நோக்கா" என்றார்.

எம் மனைவியார்க்கு அச்சொல் கடியதாய்ப்பட்டது. "தாயை இழந்தவை, அம்மா. உடன்பிறப்பையும் இழக்கச் செய்யலாமோ?" என்றார். எமக்கோ, நாயை விட்டு வானுலகம் புகேன் என்று நின்ற தருமன் நினைவு வந்தது. அவன் வரிசையில் எம்மையும் நிறுத்தி உள்ளூரப் பெருமை கொண்டோம். நெடுநேரம் வாதித்தோம். இறுதியில் அவ்வம்மையார், உரிய காலத்தில் தடுப்பூசிகள் இடுவதாகவும், கருத்தடை செய்விப்பதாகவும், வளர்க்க இயலாவிடின் தெருவில் விடாது தம்மிடமே திருப்பித் தருவதாகவும் எம்மிடம் கையொப்பம் பெற்றுக்கொண்டு இரண்டையும் தந்தார். கல்நெஞ்சரை வென்று விட்டதாக எண்ணி வீடு திரும்பினோம். அந்தோ, எம் அறியாமை!

பொட்டுடையவன் கபிலன், பின்நின்றவன் பரணன் என்று பெயரிட்டோம். "புலவர் பெயரை நாய்க்கு இடலாமோ?" என்று உடனாசிரியர் ஒருவர் சினந்தார். எறிந்த வேல் உடலில் நிற்கவும் தன்னை வளர்த்தவனைக் கண்டு வால் குழைக்கும் நாயை, பாகனையே கொல்லும் யானையினும் மேலான நட்பிற்கு உவமையாக நாலடியார் எடுத்துள்ளமையை அவர்க்கு எடுத்துக்காட்டினோம். அவர் அரைமனத்தோடு அடங்கினார்.

முதல் மூன்று திங்கள் எம் வீடு திருவிழாக் கண்ட தெருவாயிற்று. நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28; அவை நான்காம் திங்கள் அளவில் விழத் தொடங்கி, ஏழாம் திங்களுக்குள் 42 பற்கள் முளைத்து நிரம்பும். இவ்விடைக்காலத்தில் அவற்றின் ஈறு ஊறும். ஊறுந்தோறும் ஏதேனும் ஒன்றைக் கடித்தல் வேண்டும். குட்டி இரண்டாதலின் எம் இழப்பும் இரண்டு மடங்காயிற்று. நாற்காலிக் கால்களும், காலணிகள் நான்கு இணையும், தலையணை ஒன்றும் அழிந்தன. ஒருநாள் எம் நன்னூல் உரை கட்டிலினின்று வீழ்ந்து அகப்பட்டது. எழுத்ததிகாரம் முழுதும் அவர்களுக்கு இரையாயிற்று. சொல்லதிகாரம் மட்டும் எஞ்சியது. ஆயினும், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உருண்டு விளையாடுவதையும், ஒருவன் வயிற்றில் மற்றவன் தலை வைத்து உறங்குவதையும் காண அண்டை வீட்டுப் பிள்ளைகள் மாலைதோறும் வருவார்கள். வந்தவர் யாவரும் எம் இரக்கத்தைப் புகழ்ந்தனர். யாமும் மறுக்கவில்லை.

அக்காலத்தே கண்டும் காணாதிருந்த குறிகள் சில உண்டு. கபிலனை அழைத்தால் இருவரும் வருவர். பரணனை அழைத்தாலும் இருவரும் வருவர். கபிலன் வாராதபொழுது பரணனும் வாரான். தெருவில் அயலாரைக் கண்டால் பரணன் கபிலன் பின்னே ஒளிவான். உணவு இடுங்கால் எம்மை நோக்கி வாலாட்டுவர். உண்டபின் எம்மை மறந்து தம்முள் ஆடச் சென்று விடுவர். வடமொழிக்கும் தமிழுக்கும் பொதுவான இலக்கணங்களை வகுப்பில் விரித்துரைக்கும் எமக்கு, எம் வீட்டில் ஓர் உம்மைத்தொகை நடமாடுவது புலப்படவில்லை. உயர்திணை உம்மைத்தொகைக்கு ஆசிரியர் பலரும் காட்டும் உதாரணம் 'கபிலபரணர்' என்பது. பெயர் இரண்டு, சொல் ஒன்று. பெயரிட்டபொழுது விளையாட்டாகவே அதனை நினைந்தோம். விளையாட்டு மெய்யாயிற்று.

நிற்க. அவ்வாண்டு மே திங்களில் எம் மனைவியார் புழைக்கடையில் அமர்ந்து மாம்பழம் நறுக்கிக் கொண்டிருந்தார். கொட்டை ஒன்று குறைந்ததை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் கபிலன் உண்டதையெல்லாம் கக்கினான். அடுத்த நாள் நீரும் தங்கவில்லை. மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்து, குடலில் மாங்கொட்டை அடைத்திருப்பதைக் கண்டு, உடனே அறுத்தெடுத்தல் வேண்டும் என்றார். எடுத்தார். குடலில் இட்ட தையல் ஆறும்வரை கபிலன் மருத்துவமனையிலேயே நான்கு நாள் இருத்தல் வேண்டுவதாயிற்று.

கபிலன் பிழைப்பான் என்று அறிந்தபின் யாம் சற்றே ஆறுதலுற்று வீடு வந்தோம். வீட்டிலோ வேறொரு நோயாளி இருந்தான். பரணன் வாயிற்கதவின் அருகே முகத்தை நிலத்தில் வைத்துக் கிடந்தான். சோறு வைத்தோம், முகந்தும் பாரான். தூக்கி மடியில் வைத்தோம். உடல் நடுங்கி, கீழிறங்கி மீண்டும் கதவடியிற் சென்று கிடந்தான். இரவெல்லாம் ஒரே குரலாய் ஊளையிட்டான். இரண்டாம் நாள் தன் முன்காலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக் கொண்டான்.

அவன் துயருற்றது எமக்கு வியப்பன்று. உடன்பிறப்பைப் பிரிந்த உயிர் துயருறுதல் இயல்பே. எம்மைச் சுட்டது வேறொன்று. நான்கு திங்களாக அவனுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, உடன் உறங்கினோம். அத்துயரில் அவன் எம்மை நாடவில்லை. அவனுக்கு யாம் சோறு வரும் கைகள், அவ்வளவே. அவன் உலகத்தில் இருந்தது ஓருயிர், அது போயிற்று. அம்மையார் சொன்ன சொற்கள், "உங்களை நோக்கா" என்பன, அவ்விரவில் எம் செவியில் மீண்டும் ஒலித்தன.

கபிலன் வீடு வந்தபின் காப்பகத்திற்குச் சென்று யாவற்றையும் ஒளியாது உரைத்தோம். அவ்வம்மையார் எம்மை இடித்துரைக்கவில்லை. நாயின் இளமையைப் பற்றிச் சில செய்திகள் கூறினார். அமெரிக்க நாட்டில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் பல்லாண்டு நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம்வரை, குட்டி எவ்வுயிரோடு பழகுகின்றதோ அவ்வுயிரைத் தன் இனமாகக் கொள்ளும் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. அவ்வாரங்களில் உடன்பிறந்த குட்டிகள் ஒன்றற்கொன்று ஆசிரியராகவும் அமைகின்றன. கடித்தால் நோவும் என்பதை ஒன்று மற்றொன்றின் கத்தலாலேயே அறிகின்றது. ஆதலின் உடன்பிறப்புத் தீங்கன்று. ஆனால் அதன் பின்னரும் இரண்டும் எப்பொழுதும் இணைந்தேயிருப்பின், வேறு ஒருவரையும் அறியாது, தனித்து நிற்கவும் இயலாது போகின்றன என்று பயிற்றுவோர் பலர் கூறுகின்றனர். இஃது ஆராய்ச்சியால் ஐயமற முடிந்ததன்று. எல்லா இணைகளுக்கும் நேர்வதுமன்று. எம் இணைக்கு நேர்ந்தது.

"இப்பொழுது பரணனை வேறு வீட்டிற்கு அனுப்ப வேண்டுமோ?" என்று எம் மனைவியார் நடுங்கிய குரலில் வினவினார். "வேண்டா அம்மா. ஒரே வீட்டை இரண்டு வீடாக்குங்கள்" என்றார் அவர்.

அவ்வாறே செய்தோம். உண்கலம் இரண்டாயிற்று, உண்ணும் இடமும் இரண்டாயிற்று. கபிலன் எம்மொடு கிழக்கே நடந்தால் பரணன் எம் மனைவியாரொடு மேற்கே நடப்பான். மறுநாள் மாறிக் கொள்வோம். அழைத்தால் வருதல், அமர் என்றால் அமர்தல் முதலிய பாடங்களை, ஒருவனை உள்ளே வைத்துக் கதவடைத்து மற்றவனுக்கு மட்டும், அவித்த ஈரல் துண்டுகளைப் பரிசாக வைத்துக் கற்பித்தோம். தொடக்கத்தில் ஐந்து நிமிடம், பின்னர்ப் பத்து, பின்னர் அரைமணி. இரவில் வெவ்வேறு அறை. நாள்தோறும் இருவரும் சேர்ந்து விளையாடவும் பொழுது விட்டோம். பிரிப்பது நோக்கமன்று அன்றோ?

முதல் இரண்டு வாரத்தில் கதவின் இருபுறமும் எழுந்த அழுகையைக் கேட்டு அண்டை வீட்டார் எம்மைக் கொடியர் என்றே கருதியிருப்பர். இரக்கத்திற்காக எம்மைப் புகழ்ந்தவர்களும் அவர்களே. அவ்வழுகை கேட்டுக் கதவைத் திறவாதிருக்க எம் கைகளைப் பழக்கியதே அவ்வீட்டில் நிகழ்ந்த மிகக் கடிய பயிற்சி. ஒருமுறை எம் மனைவியார் திறந்தே விட்டார். மற்றொருமுறை யாம் திறந்தோம். இருமுறையும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

எதிர்பாராத செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. வீரன் என்று யாம் எண்ணிய கபிலன், தனியே நடந்த முதல்நாள் தெருமுனையில் நின்று விட்டான். ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான். தன் பின்னே ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்பதே அவன் வீரத்திற்கு முதலாயிருந்தது போலும்! முன்நின்றவனும் பின்நின்றவனும் ஒருவனை ஒருவன் ஊன்றுகோலாகவே கொண்டிருந்தனர். கோலை எடுத்தபின்னரே, இருவர்க்கும் கால்கள் உண்டென்பதை அவர்களும் அறிந்தனர்; யாமும் அறிந்தோம்.

ஐப்பசி அடைமழையில் ஓரிரவு பேரிடி இடித்தது. கபிலன் எம் மனைவியார் அறையில் உறங்கிக் கொண்டிருந்தான். யாம் கூடத்தில் விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தோம். மூலையிற் கிடந்த பரணன் எழுந்தான். உடன்பிறந்தான் உறங்கும் அறைக்கதவை ஒருமுறை நோக்கினான். பின்னர் மெல்ல எம்மிடம் வந்து, எம் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தான். அடுத்த இடி வரையில் யாம் காலை அசைக்கவில்லை. மையூறிய பேனா விடைத்தாளிற் பட்டுக் கறை படிந்ததையும் பொருட்படுத்தவில்லை. எட்டு வாரமாய்ப் பெயர் சொல்லி அழைத்தும் வாராதவன், அழையாமலே வந்த இரவு அது.

அடுத்த திங்களில் இருவர்க்கும் ஒருவர்பின் ஒருவராகக் கருத்தடை செய்வித்தோம். ஒருவன் மருத்துவமனையில் இருந்த நாளில் மற்றவன் சற்றே தேடினான். பின்னர்த் தன் கலத்துச் சோற்றை முழுதும் உண்டான். கையொப்பமிட்ட வாக்கை நிறைவேற்றிய செய்தியைச் சொல்ல மூன்றாம் முறையாகக் காப்பகம் சென்றபொழுது, இருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். அம்மையார் பரணனைப் பெயர் சொல்லி அழைத்தார். பரணன் மட்டும் சென்றான்.

மாணவ நண்பர்களே, இதனின்று நுங்கட்கு அறிவுரை கூற எமக்குத் தகுதி சிறிதே. எனினும், ஓரூரினின்று வந்து, விடுதியில் ஓரறையில் தங்கி, வகுப்பில் ஒரு பலகையில் அமர்ந்து, மூன்றாண்டும் வேறொருவரொடும் பேசாது சென்ற இணைகள் பலவற்றை யாம் கண்டதுண்டு. அவர்களைக் காணும்பொழுது முன்னெல்லாம் நட்பின் பெருமையை நினைந்தோம். இப்பொழுது மாலையில் ஒருவனைக் கிழக்கேயும் மற்றவனை மேற்கேயும் நடந்து வருமாறு சொல்லத் தோன்றுகின்றது.

எஞ்சிய சொல்லதிகாரத்தில் இன்றும் பல்தடம் உண்டு. உம்மைத்தொகையை வகுப்பில் நடத்துங்கால் அதனையே கையில் கொண்டு செல்கின்றோம். தொகையை விரித்தால் 'கபிலனும் பரணனும்' என்றாகும், மறைந்திருந்த உம் வெளிப்படும், உறவு கெடுவதில்லை. மாலை நடை முடிந்து கிழக்கினின்று ஒருவனும் மேற்கினின்று ஒருவனும் எம் வாயிலில் வந்து கூடும்பொழுது, அவர்கள் ஒருவரை ஒருவர் முகந்து துள்ளும் துள்ளலைக் காணுந்தோறும் அவ்விலக்கணம் எமக்குப் புதிதாய் விளங்குகின்றது.