இடக்காலுக்கு என்ன வேலை?

போன விடுமுறையில் உப்புக்குளத்துக்கு வந்தபோது, சாச்சா தன்னுடைய வேகன் ஆரை எங்கட வீட்டுக்குப் பின்னாலிருக்கிற வெளியில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார். சாவி என் கையில். லைசன்ஸ் எடுத்திருக்கிறேன், ஆனால் பழகினது கிளச் உள்ள பழைய காரில். ஓட்டோ கியர் அதைவிட லேசுதானே என்று, ஒரு துணைக்கு வாப்பாவையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன்.

வாப்பா மீன் லொறி ஓட்டினவர். 1990இல் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், அங்கேதான் ஸ்டியரிங் பிடிக்கப் பழகினார். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பின பிறகும் கொழும்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். சீனி வருத்தத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் நாலு வருஷம். செயற்கைக் காலோடு கடைக்குப் போவார், பள்ளிவாசலுக்குப் போவார். வாகனக் கதை மட்டும் எடுக்கவே மாட்டார்.

வேலை என்னவோ கொஞ்சம்தான். கியர் 'பி'யில் நிற்கும். அப்போது கியர்பொக்ஸுக்குள்ளே ஒரு சின்னக் கொக்கி விழுந்து சில்லைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும். பிரேக்கை அமத்திக்கொண்டு ஸ்டார்ட் பண்ணணும். அமத்தாமல் இழுத்தால் கியர் 'பி'யை விட்டு அசையாது. 'டி'க்குக் கொண்டுவந்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, காலை மெல்ல எடுத்தால் கார் தானாக ஊரத் தொடங்கும். அக்சிலரேட்டரே தேவையில்லை. கிளச் தட்டுக்குப் பதிலாக நடுவில் எண்ணெய் சுழல்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போதும் அது கொஞ்சம் தள்ளிக்கொண்டேயிருக்கும்.

ஊர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் ஒரு கழுதை குறுக்கே வந்தது. (மன்னாரில் வண்டி பழகுகிறவர்களுக்குக் கழுதைகள்தான் எக்ஸாமினர்.) பழக்கத்தில் என் இடக்கால் கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே கிளச் எங்கே இருக்கு? மிதிபட்டது பிரேக். இரண்டு பேரும் முன்னால் போய் வந்தோம். எஞ்சினும் அடங்கிவிட்டது.

"நிண்டுட்டு மகள்."

"இல்ல வாப்பா, இது ஹைபிரிட். நிப்பாட்டினா எஞ்சின் தானா அடங்கும்." காலை எடுத்தேன், திரும்ப உயிர் வந்தது.

வாப்பா பெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இடக்காலுக்கு என்ன வேலை?"

"ஒண்டுமில்ல வாப்பா. ஓரமா வச்சிருக்கிறதுதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இறங்குங்க" என்றார்.

பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, 'பி'யில் விட்டு இறங்கினேன். அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் சொன்னது பொய். இந்தக் காரில் பார்க்கிங் பிரேக் கைப்பிடி இல்லை. இடது மூலையில் காலால் அமத்துகிற பெடல். திரும்ப ஒருக்கா அமத்தினால்தான் விடும். "நான் விட்டுத் தாறன்" என்று குனியப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, சப்பாத்தைப் பெடலில் வைத்து, இடுப்பிலிருந்து தள்ளினார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை 'டக்' என்று விட்டது.

வெளியை மூன்று சுற்றுச் சுற்றினார், எல்லாம் ஊர்கிற வேகத்தில்தான். வளைவுக்கு வளைவு இடக்கை கியர் மாற்றப் போய்ப் போய் திரும்பியது. உம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்தார், கூப்பிடவில்லை.

ரோட்டுப் பக்கம் திருப்பவில்லை. அவருடைய லைசன்ஸ் எப்பவோ காலாவதி. நிறுத்தி 'பி'க்குப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"மெடிக்கல் எடுக்கேக்க காலையும் காட்டணும் என்ன?"

"ஓம் வாப்பா."

"காட்டுவம்."