கைப்பிரேக்கின் கம்பி

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது எவர் நினைவுக்கும் வராத உறுப்பு கைப்பிரேக். வண்டியை நிறுத்திவிட்டு நாம் இறங்கிப் போன பின்னரே அதன் வேலை தொடங்குகிறது. அவ்வேளையில் அது நழுவினால் தடுக்க அருகில் எவரும் இரார் என்பதை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் குன்றுகளின்மீது எழுந்தது. அங்கு நான் குடியிருக்கும் தெரு, ஒரு தொடக்கப்பள்ளியின் வாயிலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அண்டை வீட்டுப் பெரியவருக்கு வயது 78, மனைவியை இழந்தவர். அவரிடம் 1972-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்று உண்டு. ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை, மூடிய கூரையுடையவற்றையும் சேர்த்து, ஐந்து இலட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பட்ட வகை அது. சில மாதங்களாக அவர் அதைத் தெருவில் நிறுத்தும்போதெல்லாம் கியரில் விட்டு, சக்கரத்தடியில் செங்கல் ஒன்றையும் வைத்து வந்தார்.

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடைபெறும் எம்.ஓ.டி. சோதனையில் கைப்பிரேக்கின் பிடிப்பும் அளக்கப்படும். 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டுகளைக் கடந்து பெரும் மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு அச்சோதனை கட்டாயமில்லை. ஆயினும், வண்டியைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையினின்று சட்டம் எவரையும் விடுவிக்கவில்லை. பெரியவரோ முதற்பாதியை மட்டுமே நினைவில் கொண்டிருந்தார்!

விடுமுறைக்கு வரவிருந்த பேத்தி காரை ஓட்டக் கேட்டிருந்தாள். "கம்பியை மாற்றாமல் அவளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்" என்றேன். அவர் முகம் வாடிற்று. "அதை மாட்டியவள் என் மனைவி. வண்டிக்கடியில் அவள் படுத்திருக்க, ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தவன் நான்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, புதிய கம்பி வந்துவிட்டதென்று அவரே வந்து அழைத்தார்.

இக்காரின் கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கிவிட்டால் அது தரையோடு தொடர்பற்றுப் போகும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இறக்கினோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

பிடிப்புக் குறைந்தவுடன் கம்பியையே பழிப்பதும் முறையன்று. பிரேக் லைனிங் தேய்ந்திருக்கலாம். அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து அதனை நனைத்திருக்கலாம். டிரம்களைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டும் நன்றாகவே இருந்தன. பின்னர் கைநெம்புகோலின் அடியிலுள்ள பித்தளை நட்டைத் தளர்த்தினோம். துருவில் இறுகியிருந்த அது, எண்ணெயிட்டு நெடுநேரம் காத்திருந்த பிறகே அசைந்தது. பின் அச்சின்மீதுள்ள நெம்புகோலுக்கு வரும் இழுவிசை அங்கிருந்து இரு சக்கரங்களுக்கும் பிரிந்து செல்கிறது. அவ்விணைப்புகளின் பின்களை எடுத்ததும் பழைய கம்பி கையில் வந்தது. வெளிப்பார்வைக்கு அதில் குறையில்லை. ஆனால் உறை வெடித்திருந்த இடத்தில் நீர் புகுந்து, உள்ளிருந்த இழைகளில் பாதி அறுந்து முள்போல நீட்டிக் கொண்டிருந்தன. பெரியவர் அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "பேத்தி ஓட்டியிருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

புதியதை மாட்டி, பின்களுக்குப் புதிய ஸ்பிளிட் பின்களையே இட்டோம். கம்பியிலுள்ள கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் ஏற்றினோம். பலரும் மறந்துவிடும் வேலை இது. இனி முறுக்குவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒவ்வொரு பின் சக்கரத்தின் பிரேக்கையும் அதன் சதுரத் தலையுள்ள திருகால் இறுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். அதற்குப் பின்னரே பித்தளை நட்டைத் தொடலாம். முதலிலேயே கம்பியை இழுத்து முறுக்கினால், தேய்ந்த பிரேக்கின் குறை மறைந்துபோகும். பிரேக் உரசிக்கொண்டே ஓடி டிரம் சூடேறவும் கூடும்.

நெம்புகோலை மூன்று நான்கு பற்கள் உயர்த்தியதும் இரு சக்கரங்களும் இறுகின. மாலையில் நான் கீழே நின்று போவோர் வருவோரைத் தடுத்துக்கொள்ள, அவர் சரிவில் காரை நிறுத்தி, கியரை விலக்கி, காற்பிரேக்கினின்று மெல்லக் காலை எடுத்தார். கார் அசையவில்லை.

புதிய கம்பி சில நாள் இழுபட்டபின் சற்று நெகிழும். மூன்று வாரங்கள் கழித்து அது ஐந்தாம் பல்லில் பிடித்தது. இம்முறை வண்டிக்கடியில் படுத்தவள் பேத்தி. நட்டை அவள் அரைச்சுற்றுத் திருப்பினாள்.