அமர்வு முடியுமுன்

சில வேளைகளில் பழைய மாணவரும் கணினியும் சேர்ந்து ஆசிரியருக்கு ஆசானாகிவிடுவதுண்டு. இஃது என் பட்டறிவு.

எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் 30 பேரின் விவர அட்டைகளை அச்சிட, என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஜாவா மொழியில் நிரல் எழுதித் தந்தார். பெயரும் வகுப்பும் செவ்வனே வந்தன. பெற்றோர் விவரம் வரவேண்டிய இடத்தில் நிரல் பிழை காட்டி நின்றுவிட்டது.

"பொறுத்தருளுங்கள் ஐயா, குறை என்னுடையதே" என்று அவர் விளக்கலானார். தரவுத்தள அட்டவணைகளை நிரலுக்குரிய பொருள்களாக மாற்றித் தரும் கருவி ஹைபர்னேட். கேவின் கிங் என்பவர் 2001ஆம் ஆண்டில் தொடங்கியது. மாணவரைக் கேட்டால் மாணவரை மட்டும் கொணர்ந்து, பெற்றோருக்கு ஈடாக ஒரு பதிலியை நிறுத்தி வைக்கும்படி அதனைப் பணிக்கலாம். பதிலியைத் தொட்ட பிறகே உண்மை விவரம் வரும். தரவுத்தளத்தோடு கொண்ட அமர்வு அதற்குள் முடிந்துவிட்டாலோ, பதிலி வெறுங்கூடுதான்.

"எல்லாவற்றையும் முதலிலேயே கொணரலாகாதா?" என்றேன்.

"பெற்றோர், அவர்தம் பிற பிள்ளைகள், அப்பிள்ளைகளின் வகுப்புகள் என்று பள்ளி முழுவதும் நினைவகத்தில் வந்து குவியும், ஐயா. ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தாலும் சுமையே. பட்டியலுக்கு ஒரு வினவல், பெற்றோர்க்கு 30, ஆக 31."

அமர்வு திறந்திருக்கையில் 'இனிஷியலைஸ்' என்னும் கட்டளையால் பதிலியை நிரப்பலாம். அதுவும் ஒரு படிக்கு மட்டுமே. பெற்றோர் வருவர், அவரைச் சார்ந்த பிறர் வாரார். தேவையான உறவை இணைத்தே கேட்டால் ஒரே வினவலில் வேலை முடியும். இளைஞர் அவ்வாறே செய்தார். அட்டைகள் நிறைவாக வந்தன.

அவற்றைக் கையில் ஏந்தியபோது, நான் புதிய ஆசிரியனாக இருந்த நாளில் வகுப்பில் நாள்தோறும் உறங்கிய சிறுவன் ஒருவன் நினைவில் எழுந்தான். பதிவேட்டில் அவன் தந்தையின் பெயர் இருந்தது. அப்பெயருக்குப் பின்னால் இருந்ததை நான் கேட்டறியவில்லை. தந்தை நோயுற்றுக் கிடக்க, விடியுமுன் அவன் தாயோடு பால்மரக் காட்டிற்குச் சென்றுவந்தான் என்பதை, அவன் பள்ளியை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தேன். அவ்வுறக்கத்திற்காக அவனைப் பிரம்பால் அடித்தவன் நான்.

எல்லா மாணவரின் எல்லாக் கதைகளையும் ஓர் ஆசிரியர் சுமத்தல் இயலாது. ஆயினும் உறங்கும் பிள்ளையின் இல்லத்தை அறிய ஒரு வினா போதும். அவன் நம் முன் அமர்ந்திருக்கும்போதே அதனைக் கேட்டுவிட வேண்டும்.