கரையில் மறந்தது

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று நாளாய்த் துரத்திக்கொண்டிருக்கிறார். "நீ பாம்பன்காரன், கடலைப் பத்தி எழுதேன்டா" என்று யோசனையும் அவரே சொன்னார். சரி, எழுதுகிறேன். ஆனால் நண்பர்களே, இது கடலின் அழகைப் பற்றிய கட்டுரை அல்ல. ஒரு செம்பு வாஷரைப் பற்றியது.

எங்கள் அப்பாவுக்கு ஒரு நாட்டுப்படகு உண்டு. டீசல் என்ஜின். மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் மகன் இருக்கும்போது மெக்கானிக்குக்கு எதற்குத் தண்டச் செலவு? போன ஆடி மாதம் இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். "ஃபில்டர மாத்திடு தம்பி" என்றார். மாற்றினேன். குழாய் சேரும் இடத்தில் புது செம்பு வாஷர் போட வேண்டும். கைவசம் இல்லை. கடைக்கு நடக்கச் சோம்பல். பழைய வாஷரையே துடைத்துப் போட்டு முறுக்கினேன். கரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. அதோடு விட்டேனா? படகில் கிடந்த ஸ்பானர் பையை, பிராக்டிகலுக்கு ஆகும் என்று யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவு கச்சத்தீவுப் பக்கம் போகும்போது என்ஜின் நின்றுவிட்டது. பழைய வாஷர் வழியாகக் காற்று புகுந்து, டீசல் லைனில் ஏர் லாக். சரி செய்வது ஐந்து நிமிட வேலை. பிளீடிங் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை நாலு தடவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி முறுக்கினால் போதும். ஆனால் தளர்த்த ஸ்பானர் வேண்டுமே! கச்சான் காற்று வேறு. நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை. படகு கிழக்கே இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது. கிழக்கே என்ன இருக்கிறது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. தாண்டினால் இலங்கைக் கடற்படை, அப்புறம் சிறை, படகு திரும்ப வருமா என்பதே சந்தேகம். செல்போனில் சிக்னல் இல்லை. விடிவதற்குச் சற்று முன் தற்செயலாய் அந்தப் பக்கம் வந்த வேறு ஊர்ப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

காலையில் அம்மா போன் செய்தார். அழவில்லை, திட்டவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுத்தார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, ஸ்பானர் பைய எங்கப்பா வச்ச?" இரவு முழுக்க அந்த இருட்டில் படகுக்குள் தடவித் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பை என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது தாத்தாதான் பிடித்துக்கொண்டார். "என்ஜின நம்பிப் பாயத் தூக்கிப் போட்டீங்க. என்ஜினே இல்லாம அமெரிக்கா போன கப்பல் தெரியுமாடா? அந்தா அக்கரையில, வல்வெட்டித்துறையில கட்டுனது!" தாத்தா ரீல் விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால், அத்தனையும் உண்மை!

அந்தக் கப்பலின் பெயர் அன்னபூரணி அம்மாள். வேப்ப மரத்தில் கட்டியது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவியின் பெயரால் 'பிளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள், தண்டையல் தம்பிப்பிள்ளை தலைமையில், 1937ல் பாய் விரித்தார்கள். ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல் கடந்து, அட்லாண்டிக்கையும் தாண்டி, பெர்முடா வழியாக 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் பிடித்தார்கள். நாம் வேலியோரத்து மரம் என்று நினைக்கிற வேம்பு அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறது!

அந்த ராபின்சனும் லேசுப்பட்டவர் இல்லை. 32 அடிப் பாய்ப்படகில் 1928ல் கிளம்பி 1931 வரை உலகையே சுற்றியவர். படகின் பெயர் 'ஸ்வாப்'. வடமொழியில் கனவு என்ற பொருளில் வைத்தாராம். கல்யாணத்துக்குப் பிறகு பிளாரன்ஸும் உறவினர் ஒருவரும் உடன்வர, அதே படகில் பசிபிக் கடலுக்குப் போனார். 1934ல் காலபாகஸ் தீவுகளில், மனித வாடையே இல்லாத ஒரு துறையில் நங்கூரம் போட்டிருந்தபோது அவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. டாக்டர் இல்லை, செய்தி சொல்ல வழியும் இல்லை. அப்போது தற்செயலாய் ஒரு சூரை மீன் பிடிக்கும் படகு அங்கே வந்தது. அதில் ரேடியோ இருந்தது. பனாமாவுக்குச் செய்தி போய், கடல் விமானங்களும் போர்க்கப்பலும் விரைந்து வந்து அவரைக் காப்பாற்றின. ஸ்வாப் மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கனவு போனது, ஆள் பிழைத்தார். அதற்கப்புறம் அவருடைய கைக்கு வந்ததுதான் நம் அன்னபூரணி.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கேயும் காப்பாற்றியது ஒரு மீன்பிடிப் படகு, இங்கேயும் அதேதான். அதுவரைக்கும் ஒன்று. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறதே! உலகைச் சுற்றிய மாலுமியாகவே இருந்தாலும், தன் குடல்வாலைக் கரையிலேயே கழற்றிச் சோதித்துவிட்டா புறப்பட முடியும்? அது கடலில் வரும் கஷ்டம். என் அப்பாவுக்கு வந்ததோ கரையிலிருந்து நான் ஏற்றி அனுப்பிய கஷ்டம். கடலுக்கு அதன் கஷ்டமே போதும். நம் பங்குக்கு வேறு ஏற்றி அனுப்பக் கூடாது.

இப்போது எங்கள் படகில் ஸ்பானர் பை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் புது வாஷர்கள். தாத்தா தைத்துக் கொடுத்த சின்னப் பாயும் ஒரு மூலையில் சுருட்டிக் கிடக்கிறது. நான் ஊரில் இருக்கும் நாட்களில் படகு கிளம்புமுன் அப்பா என்னைக் கேட்பார், "எல்லாம் சரியா இருக்கா?" என்று. நான் மறுபடியும் ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். அவரும் பொறுமையாகக் காத்திருப்பார்.

நண்பர்களே, நம்முடைய இந்த மூன்று வருடமும் கரையில் நிற்கும் நேரம்தான். ஒர்க் ஷாப்பில் ஃபைலிங் ஜாப்பைத் தூக்கிப் போட்டு "மறுபடி பண்ணு" என்று சார் சொல்லும்போது முனகுகிறோம். பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வாஷரைத் துடைத்துப் போட்ட கையும் இதே கைதான். நாளைக்கு எங்கோ ஒரு பஸ்ஸிலோ, லிஃப்டிலோ, படகிலோ, நாம் முறுக்கிய ஒரு போல்ட்டை நம்பி யாரோ ஒருவர் நள்ளிரவில் போய்க்கொண்டிருப்பார். அவர் யாரோ ஒருவருடைய அப்பாவாக இருப்பார்.