நான் செய்வித்த பேனா

திருவள்ளூரில் மைப்பேனாக்களைக் கையால் கடைந்து செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. பள்ளியாசிரியனாகிய எனக்கு, என் கைக்கென்றே ஒரு பேனா செய்வித்துக்கொள்ளும் ஆசை நெடுநாளாக இருந்தது. ஒரு கோடை விடுமுறையில் கடைசற் பட்டறை ஒன்றின் படியேறினேன்.

அங்கிருந்த பெரியவர் ஒரு பழைய பேனாவைக் கொடுத்து, என்னை நான்கு வரி எழுதச் சொன்னார். எழுத்தைப் பாராமல் விரல்களையே பார்த்தார். பின்னர் மேசைமீது கோல்களைப் பரப்பினார். கரியது எபோனைட், ரப்பருடன் கந்தகம் கூட்டிச் சூட்டில் இறுகச் செய்தது. வெயிலில் நெடுநாள் கிடந்தால் அதன் கருமை பழுப்பாக மங்கும். ஏனையவை அக்ரிலிக். மயிற்கழுத்தின் நிறம், குங்கும நிறம், பளிங்கெனத் தெளிந்தது என அவை பல வகை. 1941-இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 பேனாவின் உடலும் இப்பொருளே. அதற்கென ஆக்கிய, விரைவில் உலரும் மை செல்லுலாய்டை அரித்துவிடும். அக்ரிலிக்கோ அதைத் தாங்கிற்று.

நான் தெளிந்த கோலைத் தேர்ந்தேன். உடலே மைக்கூடாக இருத்தல் வேண்டும். உள்ளே சிவப்பு மை ததும்புவது பிறர் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். சுவர் மெலிந்து, கழுத்து ஒடுங்கியிருத்தல் வேண்டும் என்றேன்.

“ஐயா, சுவர் மெலிந்தால் கைச்சூடு உள்ளே விரைந்து செல்லும். மை குறைந்து காற்று மிகுந்த வேளையில், காற்று விரிந்து மையைத் தள்ளும். சற்றுத் தடித்தே இருக்கட்டும்” என்றார் பெரியவர்.

“அழகுக்காகத்தானே கையால் செய்விக்கிறேன்!” என்றேன். அவர் பின்னர் ஒன்றும் கூறவில்லை.

அக்ரிலிக் சூடேறினால் இளகித் துளைக்கருவியில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் அவர் சிறிது துளைப்பார். கருவியை வெளியே எடுப்பார். நீர் தெளித்து மீண்டும் துளைப்பார். துளைத்து முடித்த குழலின் உட்புறம் பனி படிந்தாற்போல் வெளுத்திருந்தது. குச்சியில் துணி சுற்றி, மெருகுப்பசை தடவி, நெடுநேரம் தேய்த்த பின்னரே தெளிவு பிறந்தது. நிறக்கோலாயின் இவ்வுழைப்பு வேண்டியதில்லை. என் ஆடம்பரத்திற்கு அவர் தோள் நொந்தது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுதும் தாளிலெல்லாம் கறை செய்கிறாய் என்று ஆண்டு முழுதும் நான் கடிந்துகொண்ட மாணவி ஒருத்தி, அன்று அடித்தல் திருத்தலின்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். வியந்து படித்தேன். பேனாவில் மை கால்பங்கே இருந்தது. என் கையோ நெடுநேரம் அதைப் பற்றியிருந்தது. பெருந்துளியொன்று அப்பக்கத்தின் நடுவே விழுந்து பரவிற்று.

விடைத்தாளைக் கொடுத்தபோது அவள் முகம் வாடியது. “ஐயா, இது நான் செய்ததன்று” என்றாள்.

சிவப்பு மை என்னுடையது என்பது வகுப்பிலுள்ள அனைவருக்கும் தெரியும். அவள் மட்டும் அஞ்சினாள். “நான் செய்தது, அம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று பட்டறைக்குச் சென்றேன். பெரியவர் காரணம் கேட்கவில்லை. தடித்த சுவர், விரல் நழுவாவண்ணம் நுனியில் சற்றே விரிந்த கழுத்து என இம்முறை அவரே முடிவு செய்தார்.

“நிறம்?” என்றார்.

“தெளிந்ததே இருக்கட்டும். மை பாதியாகும் முன்னரே நிரப்பவேண்டுமல்லவா?”