கற்றையிற் கலந்த கோடுகள்

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசராப்ல்’ நாவலைச் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வாயிலாக அறிந்தோர் நம்மிடையே பலர். அதன் பாத்திரங்களுள் எவர் எவருடன் ஒருங்கே தோன்றுகின்றனர் என்பதை அமெரிக்கக் கணனி அறிஞர் டொனால்ட் குனூத் தொகுத்து, 1993இல் வெளிவந்த தமது நூலொன்றிற் சேர்த்தார். இன்று பரவலாக வழங்கும் வடிவில் அத்தொகுப்பு 77 பாத்திரங்களையும் அவர்களை இணைக்கும் 254 கோடுகளையும் கொண்டது. இறுதியாண்டுக் கட்டுரைக்கு இந்நாவலைத் தெரிந்தெடுத்த யான் அதனைப் படமாக வரைய முற்பட்டேன். கலைப்பீட மாணவனுக்கு இவ்வேலை ஏன் என வினவியோர் உளர். நாவலின் சமூகம் என்று விமர்சகர் எழுதுவதை ஒருமுறையேனும் கண்ணாற் காணவேண்டும் என்னும் ஆவலே காரணம்.

கண்டதோ நூற்சிக்கு. வால்ழானிடமிருந்து மட்டும் 36 கோடுகள் புறப்படுகின்றன. புரட்சி இளைஞர் கூடியிருக்கும் பகுதியில் தாளின் வெண்மையே தெரியவில்லை. இந்நிலையிலேதான் ‘கிராப்விஸ்’ மென்பொருட் தொகுதியிலுள்ள ‘மிங்கிள்’ என்னும் கருவியை நாடினேன். அதற்குப் பொத்தான்களோ சாளரமோ இல்லை. கட்டளையைத் தட்டச்சிட்டே இயக்கவேண்டும். முதலில் ‘நியேட்டோ’ என்னும் கட்டளை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தாளில் ஓரிடம் குறித்துத் தருகிறது. அக்கோப்பை மிங்கிளுக்கு ஊட்டினால், அது இடங்களைத் தொடாது கோடுகளை மட்டும் வளைத்துக் கற்றைகளாக்குகிறது. பின்னர் இடங்களை மாற்றாதே என்னும் குறிப்புடன் மீண்டும் நியேட்டோவிடம் கொடுக்கப் படம் கிடைக்கிறது.

இக்கருவிக்கு அடிப்படையான முறையை நால்வர் 2011இல் வெளியிட்டனர். அதன் உட்கருத்து வியப்பூட்டும் எளிமை வாய்ந்தது. ஒரு கோட்டின் இரு முனைகளையும் குறிக்க நான்கு எண்கள் போதும். அந்நான்கையும் நாற்பரிமாண வெளியில் ஒரு புள்ளியாகக் கொண்டால், ஒத்த போக்குடைய கோடுகள் அவ்வெளியில் அயலவர் ஆகின்றன. அயற்கோடுகள் இடையில் ஒன்றாகச் சேர்ந்து சென்று முனைகளிற் பிரிந்தால் மை மிச்சமாகுமா என்று கருவி கணக்கிடுகிறது. மிச்சமாகுமெனின் இணைக்கிறது, இணைந்தவற்றை மேலும் இணைத்துப் பார்க்கிறது. நம் வீட்டாரின் சிக்கனம் இதனிடம் தோற்றுவிடும்! பாத்திரங்களின் பெயரோ உறவோ இக்கணக்கினுள் நுழைவதேயில்லை.

கிடைத்த படம் அழகானது. அழகு மட்டுமன்று, சில இடங்களில் உண்மையும் பளிச்சிட்டது. பிஷப் மிரியேலுக்குப் பத்துக் கோடுகள் உள. அவற்றுள் ஏழு, வேறெவருடனும் தொடர்பற்றோரிடம் சென்று முடிகின்றன. எஞ்சிய மூன்றும் அவருடைய தங்கையையும் பணிப்பெண்ணையும் வால்ழானையும் சேர்வன. அவ்வீட்டிலுள்ள மூவரிடமிருந்தும் வால்ழானை நோக்கிச் செல்லும் கோடுகள் ஒரே தண்டாகத் திரண்டபோது, அவ்வீடு முழுவதும் அவன் ஒருவனாலேயே மீதிக் கதையுடன் பிணைக்கப்பட்டுள்ளமை ஒரு பார்வையிற் புலனாயிற்று. பல பக்கங்களில் எழுதவேண்டியதை அத்தண்டு சொல்லிவிட்டது.

ஆயின் வகுப்பில் இப்படத்தைக் காட்டியபோது நண்பியொருத்தி, “கோசெத்தும் கவ்ரோஷும் எந்த அத்தியாயத்திற் சந்திக்கிறார்கள்?” என்று கேட்டாள். குனூத்தின் தொகுப்பில் அவ்விருவருக்குமிடையே கோடு இல்லை. கோசெத்திலிருந்து மரியுஸுக்கும், வால்ழானிலிருந்து கவ்ரோஷுக்கும், வால்ழானிலிருந்து மரியுஸுக்கும் கோடுகள் உண்டு. மூன்றும் ஒரே கற்றையிற் புகுந்து மறுமுனையிற் பிரிந்தன. ஒரு புறம் இருவர், மறுபுறம் இருவர். கூடக்கூடிய நான்கு இணைகளுள் மூன்று மெய், ஒன்று பொய். எது பொய்யெனப் படம் சொல்லாது. வளைவின் உச்சக் கோணத்தைக் குறைத்து மீண்டும் ஓட்டினேன். கற்றை தளர்ந்தது, ஐயம் தளரவில்லை. பொதுமைப்படுத்தும் எமது இலக்கிய வரலாறுகளும் இதையே செய்கின்றனவோ என்று அன்றிரவு எண்ணத் தோன்றியது. ஒரு காலத்து எழுத்தாளர் இருபதுபேரை ஒரு ‘போக்கு’ எனக் கட்டிவிட்டால் எவருக்கு எவருடன் உறவிருந்தது என்று பின்னர் எவர் பிரித்தறிவார்?

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கோசெத் சிறுமியாக அடிமைப்பட்டுழன்ற தெனார்தியேயின் விடுதியில், கவனிப்பாரற்று அழும் ஆண்குழந்தையொன்றின் குரல் கேட்கிறது. அங்கு அதற்குப் பெயர் தரப்படவில்லை. ஆனால் அது விடுதிக்காரரின் மகன். கவ்ரோஷ் அவர்களின் மகனே என்பதைப் பின்னர் அறிகிறோம். ஒரே கூரையின்கீழ் இருவரும் வாழ்ந்துள்ளனர்! மையை மிச்சப்படுத்த முயன்ற கருவி தற்செயலாகக் காட்டிய பொய்க்கோடு, தொகுப்பில் இடம்பெறாத ஓர் உறவின்மீது போய் விழுந்தது. இதைக் கருவியின் திறமை என்று புகழ யான் ஒருப்படேன். தற்செயல் தற்செயலே.

கட்டுரைக்கு நேர்கோட்டுப் படத்தையே தெரிவுசெய்தேன், அது அலங்கோலமானதாயினும். கற்றைப் படத்திலிருந்து பிஷப்பின் வீட்டுப் பகுதியை மட்டும் வெட்டிச் சேர்த்துள்ளேன். விரிவுரையாளர் நேர்கோட்டுப் படத்தை நெடுநேரம் நோக்கியபின், கோசெத்துக்கும் கவ்ரோஷுக்கும் இடையே பென்சிலாற் புள்ளிக்கோடொன்று கீறி, அருகில் ஒரு வினாக்குறியும் இட்டுத் திருப்பித் தந்தார். அப்புள்ளிக்கோட்டைப் பற்றி மட்டும் இருபது பக்கம் எழுதவேண்டுமாம்.