நார்ஃபோக்: நண்டும் நழுவும் கரையும்

இங்கிலாந்து வரைபடத்தில் கிழக்கே, தொந்தி போட்டதுபோலக் கடலுக்குள் புடைத்துக்கொண்டிருக்கும் மாவட்டம்தான் நார்ஃபோக். மோட்டார்வே ஒன்றுகூட அதற்குள் நுழைவதில்லை. வேறு ஊருக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம் என்றால் நடக்காது. அதற்கென்றே கிளம்ப வேண்டும். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நாரிச். அங்கே நான் படித்த காலத்தில், விடுமுறை விட்டால் உடன் படித்தவர்கள் ஸ்காட்லாந்துக்கோ கார்ன்வாலுக்கோ ஓடிவிடுவார்கள். தட்டை ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் குரோமர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். சனிக்கிழமை ஆனால் அவருக்கு வீட்டில் கால் தங்காது. அவருடைய பழைய காரில் தொற்றிக்கொண்டு போய்த்தான் எனக்கு அந்தக் கரை முழுவதும் பழக்கமாயிற்று.

நாரிச்சில் 1096இல் கட்டத் தொடங்கிய பேராலயம் இருக்கிறது, நார்மன் கோட்டை இருக்கிறது. எல்லாக் கையேடுகளும் அவற்றைச் சொல்லிவிடும். எனக்கு மறக்காதது, பல வண்ணக் கோடு போட்ட கூரைகளுக்குக் கீழே நெருக்கியடிக்கும் சந்தைதான். குளிர்காலத்தில் அங்கே நின்றபடியே சாப்பிட்ட மசித்த பட்டாணிக்கு எந்தப் பேராலயமும் ஈடாகாது.

நாரிச்சுக்குக் கிழக்கே பிராட்ஸ் ஏரிகள். ஆறுகளும் ஏரிகளுமாக 200 கிலோமீட்டருக்குமேல் படகில் போகலாம். இருபுறமும் நாணல், நடுநடுவே காற்றாலை. இயற்கை தந்த ஏரிகள் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். ஏரிகளின் பக்கங்கள் சரிவாக இல்லாமல் சுவர்போலச் செங்குத்தாக இறங்கியிருந்தன. இடைக்காலத்து மக்கள் அடுப்பெரிக்க வெட்டியெடுத்த கரிமண்ணின் குழிகள் அவை. பிறகு கடல்மட்டம் உயர, தண்ணீர் புகுந்துகொண்டது. விறகுக்குத் தோண்டிய பள்ளத்தில் இன்று சுற்றுலாப் படகு ஓடுகிறது. பிரிட்டனில் இந்தச் சதுப்பில் மட்டுமே வளரும் ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சியைத் தேடி ஜூன் மாதம் கேமராவோடு கூட்டம் வரும். நான் அதைப் பார்த்ததில்லை. கொசுவைப் பார்த்திருக்கிறேன்.

குரோமரில் துறைமுகம் கிடையாது. படகை டிராக்டரில் கட்டிக் கூழாங்கல் கரையில் இழுத்துவந்து கடலில் இறக்குவார்கள். கரையை ஒட்டிக் கடலடியில் நெடுந்தூரம் ஓடுகிறது ஒரு சுண்ணாம்புப் பாறைத்திட்டு. குரோமர் நண்டின் இனிப்புக்கு அதுதான் காரணம் என்று அந்த ஊரார் அடித்துச் சொல்வார்கள். வீட்டுக்கார அம்மாள் அவித்த நண்டைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து ஓட்டிலிருந்து உடலை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். சாம்பல் நிறச் செவுள்களை ஒன்று விடாமல் பிய்த்துப் போடுவார். ‘செத்தவன் விரல்’ என்று அதற்குப் பேர். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் இரைப்பையும் குப்பைக்கு. ஓட்டை ஒட்டிய பழுப்புச் சதையையும் கொடுக்கிலிருந்து எடுத்த வெள்ளைச் சதையையும் கழுவிய ஓட்டுக்குள் தனித்தனியாக அடுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவினால் தீர்ந்தது. கூட வெண்ணெய் தடவிய ரொட்டி. சில சமயம் சாம்ஃபயர்: நம்மூர் உப்பங்கழிகளில் முளைக்கும் உமரியின் இனம். வேகவைத்து வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். காம்பைப் பிடித்துப் பல்லிடுக்கில் இழுத்தால் சதை நாக்கில் நிற்கும், நார் கையில் வரும்.

குரோமருக்கு முன்னால் அலைகளுக்கடியில் ஷிப்டன் என்றோர் ஊர் கிடக்கிறது. கடல் அதை எப்போதோ கொண்டுபோய்விட்டது. 1888இல் விக்டோரியா என்ற உல்லாசப் படகு தட்டி நின்றது, அந்த ஊர் தேவாலயத்தின் மிச்சத்தில்.

மேற்குக் கோடியில் ஹன்ஸ்டன்டன். கிழக்குக் கடற்கரை ஊர் என்று பேர், ஆனால் முகம் மேற்கே. சூரியன் கடலில்தான் விழும். கீழே பழுப்பு, நடுவில் சிவப்பு, மேலே வெள்ளை என்று பட்டை பட்டையாக நிற்கும் செங்குத்துப் பாறை அழகுதான். ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 1953 ஜனவரி 31 இரவுக்கு வந்து நிற்பார்கள். புயலோடு கடல் ஏறி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரைக் கொன்ற இரவு. பக்கத்து விமானத்தளத்திலிருந்த ரீஸ் லெமிங் என்ற 22 வயது அமெரிக்கச் சிப்பாய், உறையும் தண்ணீரில் ரப்பர் படகை இழுத்துக்கொண்டே நடந்து 27 பேரைக் கரை சேர்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹேஸ்பரோ. சிவப்பு வெள்ளைப் பட்டையடித்த கலங்கரை விளக்கம் 1790இல் கட்டியது. மூடப் பார்த்தபோது ஊர்க்காரர்களே அறக்கட்டளை அமைத்து எடுத்து நடத்துகிறார்கள். அங்கே கரை என்பது பாறையில்லை, மணலும் களிமண்ணும். மழைக்கு மேலிருந்து கரையும், அலைக்கு அடியிலிருந்து சரியும். பழைய மரத்தடுப்புகள் உடைந்து கடலுக்குள் பல்லிளிக்கும். 2013 மே மாதம் அந்தக் கரையில் மணல் அரித்துப்போய்க் களிமண்ணில் காலடித் தடங்கள் வெளியே வந்தன. பெரியவர்களும் பிள்ளைகளுமாக நடந்த தடங்கள், சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்குமேல் பழமை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்தவற்றில் மிகப் பழையவை என்று அறிவித்தார்கள். ஆய்வாளர்கள் அவசர அவசரமாகப் படமெடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அலை துடைத்துவிட்டது.

தடங்களைக் காட்டியதும் அரிப்புதான், வீடுகளைக் கொண்டுபோவதும் அதேதான். கடல் எடுத்த வீட்டுக்கு அந்த நாட்டில் இழப்பீடு கிடையாது, இடிக்கும் செலவுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. இத்தனை பணமும் பொறியியலும் இருக்கிற தேசம் இதைக் கொள்கை என்று சொல்வது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

வீட்டுக்கார அம்மாளின் சிநேகிதி ஒருவர் அங்கே கரையோரம் குடியிருந்தார். கொல்லையில் விளிம்புவரைக்கும் உருளைக்கிழங்கு போட்டிருப்பார்; சில வருஷங்களில் ஒரு வரிசை குறையும். குறைந்ததைப் பற்றிப் பேசமாட்டார், இருக்கிற வரிசையின் விளைச்சலைப் பற்றித்தான் பெருமையடிப்பார். கிளம்பும்போது மண்ணைக்கூடத் தட்டாமல் பை நிறையக் கிழங்கை அள்ளிப் போட்டு, அடுத்த தடவை வெறுங்கையோடு வராமல் குரோமர் நண்டோடு வரும்படி எங்கள் இருவரையும் மிரட்டி அனுப்புவார்.